இலவசக் கல்வியும் ரீலோட் காசும்

இலங்கையிலே பள்ளிக்கூடங்கள் 2020 மார்ச் 13ஆம் திகதி மூடப்பட்டன. கொரோனா நோய் பரவி வந்த அந்நாளில் அவற்றை மூடியது தவறென்று எவரும் கூறமாட்டார். நோய் கண்ட நாடுகள் பெரும்பாலானவை அதனையே செய்தன. உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்கள் வீட்டில் இருத்தப்பட்ட காலம் அது. ஆனால், மூடிய கதவுக்குப் பதிலாக எந்தக் கதவு திறக்கப்பட்டது, அதன் வழியாக உள்ளே செல்ல யாரால் முடிந்தது, வாயிலில் நின்று காசு வாங்கியவர் யார் என்ற கேள்விகளை நாம் இன்னமும் சரிவர எழுப்பவில்லை.

"தொற்று ஓய்ந்துவிட்டது, பள்ளிகள் திறந்துவிட்டன, இனி இந்தப் பழங்கதை எதற்கு?" என்று கேட்போர் உளர். பழங்கதையாயின் விட்டுவிடலாம். 2022 ஜூனில் எரிபொருள் பற்றாக்குறையால் நகர்ப்புறப் பள்ளிகள் மூடப்பட்டபோது, மின்சாரமே ஒழுங்காக இல்லாத நாட்டில், மீண்டும் "இணையவழியில் கற்பியுங்கள்" என்றனர் அதிகாரிகள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலையகத்தைச் சிதைத்தபோது பள்ளிகள் மறுபடியும் மூடப்பட்டன. மண்சரிவும் மழையும் நிரந்தரமாகக் குடியிருக்கும் மலைகளில் அடுத்த முறை என்பது நிச்சயமாக உண்டு. ஆகவே, கடந்த அனுபவத்தைக் கணக்குத் தீர்க்காமல் மூடிவைப்பது அறிவுடைமையாகாது.

இதனை ஆராய நாம் தேர்ந்துகொள்ளும் இடம் வட்டவளை. கினிகத்தேனையிலிருந்து ஹட்டனுக்கு ஏறிச் செல்லும் பாதையில், நாட்டிலேயே மிகுதியாக மழை பொழியும் மலைச்சரிவுகளில் அமைந்த சிற்றூர் அது. ஒரு ரயில் நிலையம், ஒரு கடைத்தெரு, சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். கொழும்பில் வாழ்வோருக்கு இப்பெயர் தேயிலைப் பொட்டலத்தின் மீது அச்சிட்ட பெயராகவே பழக்கம். அந்தத் தேயிலையைக் கிள்ளிய கைக்குரியவளின் பிள்ளை எப்படிப் படிக்கிறது என்பது பொட்டலத்தில் எழுதப்படுவதில்லை.

ரயில் பாதை 1884இல் ஹட்டனை எட்டியது. அது இந்த மலைகளில் ஏறி வந்ததன் முதல் நோக்கம், இங்கு விளைந்ததைத் துறைமுகத்துக்கு இறக்குவதே. மக்கள் பின்னர்தான் அதனைத் தமக்கும் உரியதாக்கிக்கொண்டனர். விஞ்ஞானம் தரும் சாதனங்கள் யாவும் இத்தகையனவே. சாதனத்தின்மேல் நமக்குப் பகையில்லை. அது யாருடைய தேவைக்காக வருகிறது, யாருடைய செலவில் இயங்குகிறது என்பதையே நாம் கேட்கிறோம். கைத்தொலைபேசிக் கோபுரத்துக்கும் இக்கேள்வி பொருந்தும். வாங்கும் சக்தி எங்கே திரண்டிருக்கிறதோ அங்கே கோபுரம் முதலில் எழும். பள்ளத்திலே கிடக்கும் லயத்துக்கு அதன் நிழலே மிச்சம்.

தோட்டப் பள்ளியின் சரித்திரத்தை ஒருமுறை நினைவூட்டிக்கொள்வது இங்கே அவசியமாகிறது. தோட்டத் தொழிலாளரின் ஆறு முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிப் பேணுவதும் தோட்டத்துரையின் கடமை என்று 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் சட்டம் விதித்தது. கேட்பதற்கு நல்ல சட்டந்தான். ஆனால், பிள்ளையின் உழைப்பால் யாருக்கு இலாபமோ, அவரிடமே அப்பிள்ளையின் படிப்பும் ஒப்படைக்கப்பட்டது. பத்து வயதுப் பிள்ளை பள்ளியில் இருப்பதா, மலையில் இருப்பதா என்று தீர்மானிக்கும் அதிகாரம் துரையின் செக்ரோலுக்கே இருந்தது.

கன்னங்கராவின் பெயரோடு சேர்த்துப் போற்றப்படும் இலவசக் கல்வித் திட்டம் 1945இல் நடைமுறைக்கு வந்தது. ஏழை விவசாயியின் மகன் வைத்தியனாகவும் நீதிபதியாகவும் ஆவதற்கு வழி திறந்த மாபெரும் சாதனை அது. அதில் நமக்கு ஐயமில்லை. எனினும் தோட்டப் பள்ளிகள் அதன்பின்னும் தோட்ட நிருவாகங்களின் கையிலேயே கிடந்தன. 1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் குடியுரிமையையும் வாக்குரிமையையும் இழந்த மக்களின் பிள்ளைகளுக்காக அவசரப்படவேண்டிய தேவை எந்த அரசாங்கத்துக்கு இருந்தது? 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவிபெறும் பள்ளிகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பள்ளிகள் வெளியே விடப்பட்டன. தோட்டங்கள் தேசியமயமான பின்னர், 1970களின் பிற்பகுதியில்தான் அவை படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. நாட்டின் மற்றைய பிள்ளைகள் இலவசக் கல்வியின் பயனை ஒரு தலைமுறைக் காலம் அனுபவித்த பின்னரே, லயத்துப் பிள்ளை அதன் வாசற்படியில் கால் வைத்தது.

இந்தச் சரித்திரத்தை மனத்திற்கொண்டு 2020ஆம் ஆண்டைப் பாருங்கள். பள்ளிக்கூடம் என்றால் என்ன? கரும்பலகையும் வாங்கும் மட்டுமல்ல. வீட்டிலே இல்லாத வெளிச்சத்தை, அமைதியை, நூலை, ஓர் ஆசிரியரின் கவனத்தைச் சமுதாயம் தன் பொதுச் செலவில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமமாக அளிக்கும் இடம் அது. வீடுகள் சமமாக இல்லாத காரணத்தினாலேயே பள்ளிக்கூடம் தேவையாகிறது. இணையவழிக் கல்வி என்ற பெயரால் நிகழ்ந்தது யாதெனில், பள்ளிக்கூடம் மீண்டும் வீட்டுக்குள் தள்ளப்பட்டது. அரசு அளிக்கவேண்டிய இடம், வெளிச்சம், கருவி ஆகியவற்றையெல்லாம் பெற்றோரே தேடிக்கொள்ளவேண்டியதாயிற்று.

பங்களாவுக்கு அது பாரமன்று. லயத்துக்கோ? பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா; அதிலே அடுப்பு, படுக்கை, பாட்டி, கைக்குழந்தை. மழைக்காலத்தில் தகரக் கூரையின் ஓசையில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேளாது. அங்கே மூன்று பிள்ளைகள், மூன்று வகுப்புகள், ஒரு தொலைபேசி. அந்தத் தொலைபேசியும் வீட்டில் தங்குவதில்லை. வட்டவளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே, பாடங்களைப் பிள்ளை எழுதவில்லையே என்று விசாரிக்கச் சென்ற ஆசிரியரிடம் தாயொருத்தி சொன்ன பதிலை நாம் மறக்க இயலாது. "பாடம் போன்ல இருக்கு சேர், போன் அவங்க அப்பாகிட்ட கொழும்புல இருக்கு." இதைவிடச் சுருக்கமாக எந்த ஆணைக்குழுவின் அறிக்கையும் நிலைமையைக் கூறிவிட முடியாது.

தகப்பன் ஊரிலேயே இருக்கும் வீட்டிலும் நிலைமை வேறன்று. காலையில் அவன் சட்டைப் பையோடு தொலைபேசியும் வேலைக்குப் போகும். பத்து மணிக்கு நடக்கும் வகுப்பு, மாலை ஆறு மணிக்கு வட்ஸ்அப்பில் நூறு செய்திகளாக வந்து குவியும். ஆசிரியரின் குரற்பதிவு, கரும்பலகையின் படம், பக்கம் பக்கமான வினாத்தாள். அவற்றைத் திறந்து முடிப்பதற்குள் டேட்டா தீர்ந்துவிடும். பிள்ளை, வெடித்த கண்ணாடியின் பின்னால் எறும்பு ஊர்வதுபோல் தெரியும் எழுத்தைக் கொப்பியில் பார்த்தெழுதும். அது பார்த்தெழுதல்; கற்றல் ஆகாது.

இனிக் காசுக் கணக்குக்கு வருவோம். 2020இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 700 ரூபா. பல ஆண்டுகள் போராடிய பின்னரே 2021 மார்ச்சில் அது 1,000 ரூபாவாக வர்த்தமானியில் வெளியாயிற்று. அதுவும் நிருவாகம் கேட்கும் கொழுந்தை எடுத்தால்தான் முழுப்பேர், இல்லையேல் அரைப்பேர். மலிவான தொலைபேசி ஒன்றின் விலையே ஏறத்தாழ ஒரு மாதத்து உழைப்பை விழுங்கிற்று. அதன் பின்னர் வாராவாரம் ரீலோட். அரசாங்கம் பள்ளிக் கட்டணம் கேட்கவில்லை என்பது உண்மைதான். கேட்டது தொலைபேசிக் கொம்பனி. 1945இல் பின்வாசலால் வெளியேற்றப்பட்ட கட்டணம், 2020இல் ரீலோட் என்னும் புதுப்பெயர் சூடி முன்வாசலால் உள்ளே வந்து அமர்ந்துகொண்டது. யாரும் அதனைச் சட்டமாக்கவில்லை; பாராளுமன்றத்தில் விவாதிக்கவுமில்லை. இதுவே நமது முதற் குற்றச்சாட்டு.

இது வட்டவளைக்கு மட்டும் உரிய துன்பமன்று. உலகத்தில் 3 முதல் 17 வயது வரையிலான பிள்ளைகளுள் மூன்றில் இரு பங்கினருக்கு, அதாவது 130 கோடிப் பேருக்கு, வீட்டில் இணைய வசதி இல்லை என யுனிசெப் 2020 டிசம்பரில் தெரிவித்தது. இலங்கையின் 43 இலட்சம் மாணவரில் மிகுதியாகப் பார்த்தாலும் 40 சதவீதத்தினரே இணையவழியில் பங்குகொள்ள முடியும் என்று இலங்கை ஆசிரியர் சங்கம் 2021இல் மதிப்பிட்டது. சிங்களக் கிராமமாகிய போஹிடியாவவில் ஆசிரியையும் மாணவரும் சிக்னல் தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சியில் ஏறினர். லுணுகலையில் காட்டு மரமொன்றின் மேல் குடில் அமைத்துப் பிள்ளைகளை அமர்த்தினர். ஆகவே இதனை இனப் பிரச்சினையாக மட்டும் குறுக்குவது பொருந்தாது. வறியவனின் பிள்ளை, அவன் எம்மொழி பேசினும், பாறைமேல் ஏற்றப்பட்டது. தோட்டத்துப் பிள்ளைக்கோ ஏறுவதற்குரிய பாறைகூடத் தோட்ட நிருவாகத்துக்குச் சொந்தமானது. தேயிலைச் செடிகளுக்கிடையே அட்டையும் குளவியும் வேறு.

இவ்விடத்தில் நமது எழுத்தாளர்களோடு சற்று வழக்காட விரும்புகிறோம். அக்காலத்திலே எழுதப்பட்ட கவிதைகளும் சிறுகதைகளும் பல. அவற்றுட் பெரும்பாலானவை மரக்கிளையிலும் மலைமேட்டிலும் அமர்ந்து படிக்கும் பிள்ளையின் விடாமுயற்சியைப் பாடின. குடை பிடித்தபடி பாடம் கேட்கும் சிறுமி, அவளுடைய கண்ணில் ஒளிரும் நம்பிக்கை, இறுதியில் அவள் பெறும் பரீட்சைப் பெறுபேறு: இதுவே வாய்பாடாகிவிட்டது. பத்திரிகைகளும் அந்தப் படங்களை அழகுணர்ச்சியோடு வெளியிட்டன. அப்பிள்ளைகளின் உறுதியை நாம் குறைவாக எண்ணவில்லை. ஆயினும், துன்பத்தை வீரமாக மாற்றிப் பாடும்போது துன்பத்துக்குக் காரணமானவன் கவிதையிலிருந்து தப்பிவிடுகிறான். மரத்தில் ஏறியவள் கதாநாயகியானாள். ஏற்றிவிட்டவன் பாத்திரமாகவே வரவில்லை. மேலும், ஏறாமல் போனவர்கள் எங்கே? தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நின்றுவிட்டவள், கடையில் பொட்டலம் கட்டச் சென்று அங்கேயே தங்கிவிட்டவன், ஒன்றரை ஆண்டு எழுத்தைத் தொடாமல் இருந்து நான்காம் வகுப்பில் அமர்ந்து தன் பெயரை எழுதத் திணறியவன் ஆகியோரைப் பற்றிய கதைகள் எத்தனை? யதார்த்த இலக்கியம் என்று உரிமை கொண்டாடும் நாம், படத்துக்கு அழகாக அமைந்தவர்களை மட்டும் எழுதிவிட்டுத் திருப்தியடைந்தோம். நாமும் சூம் வழியாக இலக்கியக் கூட்டங்கள் நடத்தி, "தூரம் ஒழிந்தது" என்று மகிழ்ந்தவர்களே. நமக்குத் தூரம் ஒழிந்தபோது லயத்துக்கு அது கூடிற்று என்பதை அன்று நாம் உணரவில்லை. இந்தச் சுயவிமரிசனம் இன்றி மேற்கொண்டு பேச நமக்கு உரிமை இல்லை.

ஆசிரியரின் நிலையைப் பார்ப்போம். தோட்டப் பள்ளிகளின் ஆசிரியர்களுட் பலர் அந்த லயங்களிலிருந்தே படித்து வந்தவர்கள். 2015ஆம் ஆண்டளவில் ஆசிரியர் உதவியாளர் என்ற பெயரால் மாதம் 6,000 ரூபா கொடுப்பனவுக்கு நியமிக்கப்பட்டு, அது 10,000 ஆவதற்கும் காத்திருந்த இளைஞரும் யுவதிகளும் அவர்களுள் அடங்குவர். இணையவழிக் கற்பித்தலுக்கு அவர்களை எவரும் பயிற்றவில்லை. தொலைபேசியும் அவர்களுடையது; டேட்டாவும் அவர்களுடைய சம்பளத்திலிருந்தே. காலையில் பாடம் அனுப்பி, நள்ளிரவில் தகப்பன் வேலையால் திரும்பிய பின்னர் வரும் கேள்விக்குப் பதில் அனுப்பி, வேலை நேரம் என்பதற்கே எல்லையில்லாமற் போயிற்று. குழுவில் நாற்பது பெயர்கள் இருக்கும்; பதில் வருவது எட்டுப் பேரிடமிருந்து. மீதிப் பிள்ளைகளுக்காகப் பாடத்தாள்களைத் தம் செலவில் பிரதியெடுத்து, லயம் லயமாகச் சென்று கொடுத்த ஆசிரியர்களை நாம் அறிவோம். அரசு செய்யாத வேலையை அவர்களுடைய மனச்சாட்சி செய்தது. ஆனால் மனச்சாட்சியை நம்பி ஒரு நாட்டின் கல்வியை நடத்த இயலாது.

2021 ஜூலை 12ஆம் திகதி முதல் ஆசிரியர் சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகின. 24 ஆண்டுகளாகத் தீராத சம்பள முரண்பாடும், கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழக மசோதாவும் அப்போராட்டத்தின் காரணங்கள். ஒக்டோபர் 25ஆம் திகதியே ஆசிரியர்கள் பணிக்குத் திரும்பினர். அப்போராட்டம் நியாயமானது என்பதே நமது முடிவு. எனினும் தோழமையோடு ஒரு கேள்வியைக் கேட்டாக வேண்டும். அந்த மூன்று மாதங்களில் நகரத்து வசதியுள்ள பிள்ளை பணம் கொடுத்துப் பிரத்தியேக வகுப்பில் தொடர்ந்து படித்தது. லயத்துப் பிள்ளைக்கு இருந்த ஒற்றை நூலும் அறுந்தது. "ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பணயம் வைக்கிறார்கள்" என்று ஆட்சியாளர் பிரசாரம் செய்தபோது, "முன்னரே அறுபது சதவீதத்தினரை வெளியே நிறுத்தியவர் யார்?" என்ற கேள்வியைச் சம்பளக் கோரிக்கைக்கு இணையான கோரிக்கையாக நாம் உயர்த்தினோமா? புள்ளிவிவரம் சங்கத்தின் கையில் இருந்தது. அதைப் பெற்றோரிடம் கொண்டு சென்று, கொழுந்தெடுக்கும் தாயையும் ஆசிரியரையும் ஒரே கொடியின் கீழ் நிறுத்தும் வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்தவில்லை. உழைப்பின் விலைக்காக 1,000 ரூபா கேட்டவளும், சம்பள முரண்பாட்டைத் தீர்க்கச் சொன்னவரும் ஒரே வழக்கின் இரு வாதிகள். அவர்கள் தனித்தனி மன்றங்களில் வாதாடினர்.

வேறு வழி இருந்ததா என்று கேட்கலாம். இருந்தது. கேரளத்தில் 2020 ஜூன் 1ஆம் திகதி விக்டர்ஸ் தொலைக்காட்சியில் "ஃபர்ஸ்ட் பெல்" என்ற பெயரில் பாடங்கள் தொடங்கின. வீட்டில் தொலைக்காட்சி இல்லாத பிள்ளைகளுக்காக நூல்நிலையங்களிலும் அங்கன்வாடிகளிலும் பொது ஏற்பாடு செய்யப்பட்டது. அங்கும் குறைகள் உண்டு. ஆனால், கருவி இல்லாத பிள்ளையைத் தேடிச் செல்வது பொதுக் கடமை என்ற கொள்கை அங்கே ஏற்கப்பட்டது. தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய "இல்லம் தேடிக் கல்வி" திட்டம், இழந்த படிப்பை மீட்கத் தன்னார்வலரைப் பிள்ளைகளின் குடியிருப்புக்கே அனுப்பியது. உருகுவே என்ற சிறிய நாடு, தொற்று வருவதற்கு முன்னரே, 2007 முதல் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணினியை அரசின் செலவில் வழங்கிவந்தது. இலங்கை அரசும் தொலைக்காட்சிப் பாடங்களை ஒளிபரப்பியது. தமிழ்ப் பாடங்கள் நேத்ரா அலைவரிசையில் வந்தன. தொலைபேசியைவிட அது லயத்துக்கு அண்மையிலிருந்தது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் தொலைக்காட்சி பேசும். பிள்ளையின் கேள்வியைக் கேளாது. அதன் அருகே அமர்ந்து கேட்பதற்கு ஒரு மனிதர் தேவை.

அத்தகைய மனிதர்கள் மலையகத்தில் இல்லையா? ஒவ்வொரு தோட்டத்திலும் உயர்தரம் படித்துவிட்டு வேலையின்றி இருக்கும் இளைஞர் உளர். கோயில் மண்டபம் உண்டு. பிள்ளைக் காம்பரா உண்டு. சனசமூகக் கட்டடம் உண்டு. பத்துப் பிள்ளைகளை இடைவெளி விட்டு அமர்த்தி, அச்சிட்ட பாடத்தாளை வைத்து, ஊதியம் பெறும் ஓர் இளைஞரை அருகே இருத்தி, வாரத்துக்கு இருமுறை ஆசிரியர் வந்து பார்க்கும்படி செய்திருந்தால் போதும். இதற்கு விண்கலம் தேவையில்லை. 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி, 200க்கும் குறைந்த மாணவருள்ள பள்ளிகளின் ஆரம்ப வகுப்புகளே முதலில் திறக்கப்பட்டன. சிறிய பள்ளியில் ஆபத்து குறைவு என்ற நியாயம் அவ்வாண்டு மே மாதத்திலும் செல்லுபடியாகியிருக்கும். கொழும்புப் பெரும் பள்ளிகளை அளவுகோலாக வைத்து வட்டவளையின் சிறு பள்ளியையும் பூட்டியதுதான் பிழை.

ஆகவே, நாம் கோருவது யாது? அடுத்த முறை பள்ளி மூடப்படுமானால், அன்றைக்கே ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் ஒரு பொதுக் கற்கை நிலையம் திறக்கப்படவேண்டும். பாடத்துக்குத் தேவையான கருவி, பாடநூலைப் போலவே, பள்ளியின் உடைமையாகப் பிள்ளையின் கையில் கிடைக்கவேண்டும். கல்விக்குச் செலவாகும் டேட்டாவுக்குப் பெற்றோரிடம் ஒரு சதமும் வாங்கலாகாது. ஆசிரியரின் தொலைபேசிச் செலவும் மேலதிக நேரமும் சம்பளக் கணக்கில் வரவேண்டும். அச்சிட்ட தாள் என்ற எளிய சாதனத்தை, புதுமை இல்லை என்ற காரணத்துக்காகப் புறக்கணிக்கலாகாது. இக்கோரிக்கைகளை ஆசிரியர் சங்கங்களும் தோட்டத் தொழிற்சங்கங்களும் ஒன்றாகக் கையெழுத்திட்டு முன்வைக்கவேண்டும்.

இவற்றைச் செலவு மிக்கவை என்பார்கள். 1907இலும் அப்படித்தான் தோட்டத்துரைகள் சொன்னார்கள். ஓர் அறைக்குக் கூரை வேய்வதே அவர்களுக்குச் செலவாகத் தெரிந்தது. உண்மையில் செலவு அன்றும் இன்றும் ஒன்றேதான். அதனைச் செலுத்துவது யார் என்பதே வழக்கு. 2020, 2021ஆம் ஆண்டுகளில் அதனைச் செலுத்தியது வட்டவளையின் கொழுந்துக் கூடை. கூடையால் செலுத்த இயலாதபோது பிள்ளையின் படிப்பு அதனைச் செலுத்தியது. அந்தப் பிள்ளைகளுட் சிலர் இன்று மலையில் ஏறி நிற்கிறார்கள், சிக்னல் தேடியன்று, கொழுந்தெடுக்க. அவர்களுக்குப் பின்னால் வருவோரேனும் மாலையில் திரும்பி வரும் தொலைபேசிக்காகக் காத்திராமல் படிக்கும் நிலையை உண்டாக்குவது நமது கடமையாகும்.